வீட்டில் வேறு யாரும் இல்லை

ஜூன் 9, திங்கள்

எடை 108.4 கிலோ. சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லி உத்தரவு. பள்ளிக்கூடத்தில் பாதி காலியாகக் கிடந்த விளையாட்டுச் சாமான் இருப்புப் பதிவேட்டை எடுத்து வந்துவிட்டேன். முதல் பக்கத்தில் 'கைப்பந்து 6, வலை 2 (ஒன்று கிழிசல்)' என்று என் கையெழுத்தே இருக்கிறது. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஐந்து மாதமாக நிற்காத உதிரப்போக்குக்கு இன்றுதான் காரணம் தெரிந்தது. பெருந்துறை ரோட்டில் ஆஸ்பத்திரி. டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நாற்பத்து மூன்று வயதுக்காரியிடம் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "கர்ப்பப்பையோட உள்சுவர் தடிச்சிருக்குங்க. செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு. இப்ப கேன்சர் இல்ல. அப்படியே விட்டா ஆகலாம். எடுத்துடறது நல்லது. ஆனா இந்த எடைக்கும் இந்த சுகருக்கும் மயக்க மருந்து குடுக்கறவர் யோசிக்கிறார். மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க. அதுக்குள்ள நூறுக்குக் கீழ வாங்க."

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

"இவங்க?"

"கூட வந்திருக்காங்க."

கோகிலவாணி பக்கத்து நாற்காலியில் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. வெயில் அப்படி.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரியே ஒரு உணவு ஆலோசகரைப் போனில் வரவழைத்துக் கொடுத்தது. வீடியோவில் ஒரு பெண். உதட்டுச் சாயம் கலையாமல் சிரிக்கிறது. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ஏதோ விதை. பிறகு, "மூணு மாசத்துல பாருங்க மேடம், உங்க ஹஸ்பெண்டுக்கே உங்கள அடையாளம் தெரியாது!"

"ஹஸ்பெண்ட் இல்ல."

"ஓ. கவலப்படாதீங்க மேடம். வெயிட்டு கொறஞ்சா இந்த வயசுலயும் வரன் அமையும்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுப்படியில் கோகிலா சத்தமாகச் சிரித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது இப்போதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

கோகிலா எங்கோ தேடிப்பிடித்து ஒரு குழுவைக் கொண்டுவந்திருக்கிறாள். பெண்களை விரும்புகிற பெண்கள் உடம்பு குறைப்பதற்கென்று தனிக் குழு. ஞாயிறு பதினொரு மணிக்கு வீடியோவில் கூட்டம், மற்ற நாளில் வாட்ஸாப். முகம் காட்ட வேண்டாம், சொந்தப் பெயர் வேண்டாம், காசு வேண்டாம்.

உடம்பைக் குறைக்கவும் ஒரு சங்கமா என்றேன். சர்க்கரைக்கு நான் யாரென்று தெரியுமா?

"சர்க்கரைக்குத் தெரியாது. அந்த ஓட்ஸுக்காரிக்கும் தெரியல இல்ல? அதுனாலதான் சொல்றேன்" என்றாள். மருந்துக் கடையில் பதினோரு வருடம் நின்றவள். வாதத்தில் விடமாட்டாள்.

அவளே என் போனில் பதிவு செய்தாள். பெயர் கேட்டது. பூங்கொடி என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்த உடம்போடு வாழ்நாளெல்லாம் கேலி வாங்கியது போதும். 'குண்டு' என்று போடச் சொன்னேன். மாநில அளவில் குண்டு எறிந்து இரண்டாம் இடம் வந்தவள் நான். எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் கூட்டம். திரையில் பதினோரு கட்டம், நான்கில்தான் முகம். நடத்துகிறவள் சம்யுக்தா. சென்னை. செய்தி வாசிப்பதுபோல் தமிழ். அவளும் ஒரு பெண்ணோடுதான் வாழ்கிறாளாம், எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். யார் கேட்டது?

சாப்பாட்டு விஷயத்தில் குறை சொல்ல முடியவில்லை. அதுவே எரிச்சல். ராகிக்களி, கம்மஞ்சோறு, கீரை, சோற்றின் அளவைப் பாதியாக்கிப் பருப்பை இரண்டு பங்காக்கு. ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. "அங்க நம்மள எப்படிப் பார்ப்பாங்கன்னு நமக்குத் தெரியும்" என்றாள். அடுத்து ஆரம்பித்தாள்: "நம்மில் நிறைய பேர் ஒளிஞ்சு சாப்பிடறோம். எதை ஒளிக்கிறோம்னு தெரியாமலே ஒளிக்கிறோம். நீங்க வீட்டுல யாரோட உக்காந்து சாப்பிடறீங்க? ஒவ்வொருத்தரா சொல்லலாமா?"

கரூர்ப் பெண் ஒருத்தி, பெயர் மைனாவாம், அம்மா அப்பாவோடு என்றாள். தூத்துக்குடியில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா, "நானும் என் ஆளும்தான். அவ சமைப்பா, நான் குறை சொல்லுவேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

என் முறை. "நான் தனி. வீட்ல வேற யாரும் இல்ல" என்றேன்.

இயர்போன் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன். அதில் ஒன்றும் தப்பில்லை. அடுப்படியில் குக்கர் ஐந்தாறு விசில் அடித்தது. யாரும் அணைக்கவில்லை. நானே எழுந்து போய் அணைத்தேன். கோகிலா மேடைக்கல்லில் கையூன்றி நின்றுகொண்டிருந்தாள்.

மதியம் களியில் உப்பே இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

107.9. கோகிலா கோபியிலிருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அக்கா மகளுக்குச் சீர். வியாழன் வந்துவிடுவாள்.

ஜூன் 26, வியாழன்

வரவில்லை. சீரென்றால் நான்கு நாள் இழுக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது, குடம் தூக்கினால் இடுப்பு வலிக்கிறது. கேஸ் தீர்ந்துவிட்டது. கீழ்வீட்டு ஓனரம்மா படியேறி வந்து, "உங்க அத்தை மவ எங்கங்க, ஆளையே காணம்?" என்றார். பதினான்கு வருடமாக அவருக்கு நாங்கள் அத்தை மகளும் மாமன் மகளும். இரண்டு கட்டில் உண்டு. ஒன்றில் துணி மடித்து வைத்திருக்கும்.

மாத்திரைகளைக் கிழமை வாரியாக டப்பாவில் போட்டு வைப்பது அவள் வேலை. டப்பா காலி. எது காலை, எது ராத்திரி என்று நோட்டமிட்டுக்கொண்டிருந்ததில் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

109.1. புரோட்டா நான்கு, சால்னா, ஆம்லெட். எழுதத்தானே சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

மருந்துக் கடையில் போய்க் கேட்டேன். ஒரு மாதம் லீவு சொல்லியிருக்கிறாளாம். வீட்டில் அவளுடைய பச்சைத் துணிப்பெட்டியும் காணவில்லை. சீருக்குப் போகிறவளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய பெட்டி?

ஜூலை 6, ஞாயிறு

மைனா அழுதது. இருபத்தாறு வயதாம். பதினெட்டு வயதிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். ஒருமுறை ஒரு மாப்பிள்ளை வீட்டார் 'பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் வழி தெரிந்ததாம். "அன்னிக்கிருந்து சாப்பிட ஆரம்பிச்சேன்க்கா. இருபது கிலோ ஏத்துனேன். வர்றவங்க நின்னுட்டாங்க. இப்ப மூச்சு வாங்குது. கொறைக்கணும். கொறைச்சா திரும்ப வருவாங்களேன்னு பயமா இருக்கு."

சம்யுக்தா வாய் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு வக்கில்ல. அதுக்கு இருபது கிலோவா? இதுக்குப் பேரு பயந்தாங்கொள்ளித்தனம். இங்க வந்து அழுதா கொறைஞ்சிருமா?"

மைனாவின் கட்டம் கறுத்துவிட்டது.

ஸ்டெல்லா விடவில்லை. "ஏக்கா குண்டு, ஒரு நாளு மூஞ்சியக் காட்டல, அந்தப் புள்ளைய ஏசுதிய. நீங்க யார்ட்ட வேண்டாம்னு சொன்னிய? சொல்லுங்க பாப்போம்."

வெளியேறிவிட்டேன். நர்ஸ் உத்தியோகம் பார்த்தால் எல்லாரையும் அதட்டலாம் என்று நினைப்பு.

சாயங்காலம். துணி துவைத்துப் போட்டேன். மனசு ஆறவில்லை, எழுதித் தொலைக்கிறேன். எனக்கும் இருபத்து நான்கு வயதில் மூன்று மாப்பிள்ளை வந்தார்கள். மூன்றாவது ஆள் என் தோளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "பொண்ணு ஆம்பள கணக்கா இருக்குதுங்க" என்றான். அம்மா அழுதாள். நான் போட்டிக்கு என்று சொல்லி அன்றைக்கு இரவிலிருந்து ஆறு முட்டையைப் பத்தாக்கினேன். பயிற்சியாளருக்குச் சந்தோஷம். போட்டிகளெல்லாம் நின்று பதினைந்து வருடமாகிறது. முட்டை நிற்கவில்லை.

நானும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று ஆஸ்பத்திரி ஆபீசில் சொன்னார்கள். காங்கேயத்தில் இருக்கும் தம்பி குமரேசனுக்குப் போன் போட்டேன். ஆறு வருடத்துக்குப் பிறகு.

"கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு. முடிஞ்சதும் இங்க வந்துரோணும். அந்தப் பொம்பள ஆஸ்பத்திரிப் பக்கமே தலை காட்டக் கூடாது. உன்னால எங்களுக்கு ஊருக்குள்ள வந்த பேரு போதும்" என்றான்.

சரி என்றேன். ஒரு கையெழுத்துக்காகத்தானே. அவள்தான் இங்கே இல்லையே.

ஜூலை 11, வெள்ளி

மைனாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். கடைசியில், 'ஞாயித்துக்கெழம வா' என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூலை 13, ஞாயிறு

வந்திருந்தாள்.

கேமராவைப் போட்டேன். என் முகம் திரையில் ஒரு பானை மாதிரித் தெரிந்தது. "மைனா, போன வாரம் நான் உன்னைத் திட்டலை. என்னையத் திட்டிக்கிட்டேன்" என்றேன். "வீட்ல யாருமில்லன்னு சொன்னதும் பொய்யி. பதினாலு வருசமா ஒருத்தி இருந்தா. நான் அன்னிக்குச் சொன்னது அவ காதுல விழுந்துச்சு. இப்பத்தான் நெசமாலுமே வீட்ல ஆளில்ல."

சம்யுக்தா உடனே ஏதாவது இனிப்பாகச் சொல்வாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அது.

தம்பியின் கையெழுத்துக் கதையையும் சொன்னேன். ஸ்டெல்லா கொதித்தாள். "யாரு சொன்னா தம்பிதான் போடணும்னு? நினைவோட இருக்குத ஆளு நீங்க. ஒங்க ஒடம்பு, ஒங்க கையெழுத்துதான் முக்கியம். சொந்தக்காரங்கள ஆஸ்பத்திரில வழக்கத்துக்குக் கேப்பாவ. கூட இருக்க ஆளு யாருன்னு நீங்களே பேரு எழுதிக் குடுங்க. டாக்டர்ட்ட முன்னாடியே பேசுங்க. முப்பது வருசமா இதத்தான் பாக்கேன்."

"பேரு எழுத ஆளு இருக்கணுமில்ல" என்றேன்.

"அக்கா, பஸ் இல்லையா உங்க ஊர்ல?" என்றது மைனா.

வாய்த்துடுக்கு. வந்துவிட்டதே என்று பேசாமல் இருந்தேன்.

ஜூலை 19, சனி

கோபி போய்விட்டு வந்தேன். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் நான் மட்டும். கண்டக்டர் பார்த்த பார்வைக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

கோகிலாவின் அக்கா மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார். அந்த வீட்டில் சீர் நடந்த அடையாளமே இல்லை. அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறது.

கோகிலா வாசல்படியை விட்டு இறங்கவில்லை. நான் சொல்ல வந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "மாத்திர எதக் காலைல போடறதுன்னு தெரியல" என்றேன்.

"சீட்டுல எழுதியிருக்குது. படிச்சவதான நீ?"

"கோகிலா, டாக்டர்கிட்ட வேற என்ன சொல்றது? ஊரு ஒலகம்…"

"டாக்டர்கிட்டச் சொல்லாத. ஓனரம்மாகிட்டச் சொல்லாத. உன்ற பள்ளிக்கூடத்துல சொல்லாத. நான் என்னைக்காச்சும் கேட்டனா? பதினாலு வருசம் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அத்தை மவளா இருந்தேன். அந்தப் பொம்பளைங்க யாரு? எல்லாம் நம்மளாட்டம். ஒருத்தருக்கும் உன்ற மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது. சொன்னா ஒரு ஆபத்தும் வராத எடம் அது ஒண்ணுதான். அங்கயும் நான் இல்லாதவளாப் போயிட்டேன்." குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"இப்பச் சொல்லிட்டேன். போன ஞாயித்துக்கெழம."

"எனக்குக் கேக்கலையே."

கூட வருகிறாயா என்றேன். "வரல. நாலரை பஸ்ஸ விட்டா ஆறுக்குத்தான். கெளம்பு" என்று உள்ளே போய்விட்டாள். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். உப்பு சரியாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்றே தம்பிக்குப் போன் போட்டேன். "உன்ற கையெழுத்து வேண்டாம். நான் காங்கேயம் வரல" என்றேன். "அப்ப செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாத" என்றான். அதற்கும் சரி என்றேன்.

ஜூலை 28, திங்கள்

106.2. எடையை இனி ஒவ்வொரு திங்களும் மைனாவுக்கு அனுப்ப வேண்டும், அவள் எனக்கு அனுப்புவாள். அதே எண்ணைக் கோகிலாவுக்கும் அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

104. காலை மணி அடிப்பதற்கு முன் மைதானத்தை எட்டுச் சுற்று நடக்கிறேன். பதினைந்து வருடமாக விசிலை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளை ஓட விட்டவள். ஏழாம் வகுப்புப் பெண்கள் வேலியோரம் நின்று என் சுற்றை எண்ணுகிறார்கள். "மிஸ், ஏழுதான் ஆச்சு, ஏமாத்தாதீங்க!" முட்டிக்கால் போட வைத்திருக்க வேண்டும். எட்டாவது சுற்று நடந்தேன்.

கோகிலாவுக்கு அனுப்பினேன். நீல டிக்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மைனா வீட்டில் சொல்லிவிட்டாளாம். பெண்களைப் பிடிக்கும் என்றல்ல, கல்யாணம் வேண்டாம் என்று மட்டும். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். இவள் மூன்று வேளையும் சாப்பிட்டாளாம், அளவாக. ஸ்டெல்லா கைதட்டினாள். நான் கைதட்டவில்லை. கண்ணில் தூசி.

செப்டம்பர் 8, திங்கள்

100.6. நூறுக்குக் கீழே வரவில்லை. அறுநூறு கிராமுக்காகத் திருப்பி அனுப்பினால் இந்த ஆஸ்பத்திரியின் கண்ணாடியை உடைப்பது என்று முடிவோடு போனேன். டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்து, "பரவால்ல, பண்ணிடலாம். அடுத்த திங்கள்" என்றார். உடைக்க வந்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஸ்டெல்லா சொன்னபடி கையெழுத்து விஷயத்தைப் பேசினேன். "உங்க கையெழுத்து போதும். கூட இருக்க ஒருத்தர் மட்டும் வேணும்" என்றார்.

தேதியைக் கோகிலாவுக்கு அனுப்பினேன். நீல டிக்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் அரைமணியில் கூப்பிடுவார்கள். பச்சை அங்கி முதுகுப்பக்கம் சேரவில்லை. இந்த அளவு உடம்புக்குத் தைக்கத் தெரியாதவர்கள் உடம்பை அறுக்க வருகிறார்கள்.

எட்டு மணிக்கு நர்ஸ் பாரத்தோடு வந்து நின்றாள். "கூட யாரும்மா?" நான் கூரையைப் பார்த்தேன். கூட இருக்கிறேன் என்று பள்ளிக்கூட ஆயா சொல்லியிருந்தது, இன்னும் வரவில்லை. நர்ஸ் பேனாவைத் தட்டிக்கொண்டு, "ஆளில்லாம உள்ள அனுப்ப முடியாதும்மா" என்றாள்.

கதவு திறந்தது. கோகிலா. முதல் பஸ்ஸில் வந்த முகம், கையில் ஒயர்க்கூடை. என்னைப் பார்க்கவில்லை. கூடையை அலமாரியில் வைத்தாள், போர்வையை இழுத்து என் முதுகை மூடினாள். ரொம்ப இழுத்தாள், வலித்தது.

"நீங்க யாருங்க?" என்று நர்ஸ் அவளைக் கேட்டாள்.

"அவிங்களையே கேளுங்க" என்றாள் கோகிலா.

எதிர்க்கட்டிலில் ஒரு பாட்டி, அவர் மகன், மருமகள். தரை துடைக்கிற அம்மா. எல்லாரும் பார்த்தார்கள். வாய் உலர்ந்திருந்தது, காலையிலிருந்து தண்ணீரும் கிடையாது. குண்டை எறிவதற்கு முன் வட்டத்தில் நிற்பதுபோல் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

"நானும் இவளும் பதினாலு வருசமா குடும்பம் நடத்தறோம்" என்றேன். "எனக்கு எது ஆனாலும் இவகிட்டத்தான் சொல்லோணும். அப்படியே எழுதிக்குங்க."

நர்ஸ் பாரத்தைப் பார்த்தாள். அதில் அதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. ஓரத்து வெள்ளைத் தாளில் எதையோ எழுதினாள். நிமிராமல், "பேரு, போன் நம்பர் சொல்லுங்க" என்றாள்.

கோகிலா எண்ணைச் சொன்னாள். பாதியில் குரல் உடைந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

மருமகள் தன் மாமியாரின் காதில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. முணுமுணுக்கட்டும்.

ஸ்ட்ரெச்சர் வருகிற சத்தம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

97.3. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. செல் மாற்றம் கர்ப்பப்பையைத் தாண்டவில்லை, கேன்சர் இல்லை, வேறு சிகிச்சை தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். இதைச் சொன்ன டாக்டரை முறைத்துவிட்டு வந்தேன். வேறு எப்படி முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

கோகிலா பெட்டியைக் கொண்டுவந்துவிட்டாள், ஆனால் பிரிக்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை என்கிறாள். எப்போது போகும் என்றேன். "நான் சொல்றப்ப" என்றாள். மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதமாக ஒரு மாத்திரையை நேரம் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று ஒரு மணி நேரம் திட்டினாள்.

பதினொரு மணிக்குப் படுத்தபடியே கூட்டம். கேமரா போட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், தலை வலித்தது. சம்யுக்தா, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றாள்.

"ரெண்டு இட்லி" என்றேன்.

அடுப்படியிலிருந்து கோகிலா கத்தினாள். "நாலு! நாலு தின்னாளுங்க, நான்தான் வெச்சேன்!"

திரையில் எல்லாக் கட்டத்துக்கும் அது கேட்டது. பிறகு மைனாதான் முதலில் சிரித்தது.

"நாலு" என்று திருத்திச் சொன்னேன்.